குன்றத்தூரிலிருந்து ஒரு பழங்கடலுக்கு

குன்றத்தூரில் எங்கள் வீட்டின் இரண்டாம் தளம் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவலாக நான்தான் அமர்த்தப்பட்டிருந்தேன். மகனுக்கு ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. சுபுஹு தொழுதுவிட்டுக் கம்பெனிப் பேருந்தில் ஏறினால் மஃரிபுக்குப் பின்னரே வீடு திரும்புவான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனுக்கு வீட்டில் வேறென்ன உத்தியோகம் கொடுக்க முடியும்?

என்னுடன் காவலிருந்தவள் என் எட்டு வயதுப் பேத்தி. பள்ளி விடுமுறை. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்கும் வயது. மூட்டைகளில் அச்சிட்டிருந்த ஆலை முகவரியைப் படித்துவிட்டு, "அப்பா, இதிலேயும் அரியலூர்னுதான் போட்டிருக்கு. அங்கேதான் சிமெண்ட் விளையுதா?" என்று கேட்டாள். (பாட்டனாரை 'அப்பா' என்றும் தந்தையை 'வாப்பா' என்றும் அழைப்பது எங்கள் கீழக்கரை வழக்கம். வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.)

நான் பதில் சொல்வதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "சிமெண்டு விளையாது பாப்பா, சுண்ணாம்புக் கல்லுதான் விளையும். நான் அந்தப் பக்கத்து ஆள்தான் பாய். எங்க ஊருக் கல்லை உடைச்சா உள்ளே நத்தையும் சிப்பியுமா இருக்கும். சின்ன வயசிலே அதைப் பொறுக்கி வச்சு விளையாடுவோம்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. என் அலமாரியில் ஒரு சங்கு இருக்கிறது. மறைந்த என் தகப்பனார் மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கி எடுத்துவந்தது. சங்கு குளித்துக் குளித்தே அவர்களுக்கு ஒரு காது கேளாமற் போயிற்று. நான் பிறந்த கீழக்கரை வீடு, கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்ட சுண்ணாம்பால் பூசப்பட்டது. கடலுயிர்களின் ஓட்டை நீற்றிக் கட்டிய வீட்டில் பிறந்து, கடலை விட்டு வெகுதொலைவு வந்துவிட்டோம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் குன்றத்தூர் வீட்டுக்கும் அதே நத்தையும் சிப்பியும்தான் மூட்டை மூட்டையாக வந்திறங்குகின்றன! போய்ப் பார்த்தே தீர்வது என்று நிய்யத்து வைத்தேன்.

புறப்படுவதற்கு முன், காலடியிலுள்ள மண்ணைப் பற்றிச் சிறிது. குன்றத்தூரைச் சேக்கிழார் பிறந்த ஊர் என்று தமிழுலகம் அறியும். மலைமேல் முருகன் கோயிலும் அருகே செம்பரம்பாக்கம் ஏரியும் உள்ள பழைய ஊர். இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் வேலை செய்வோர் குடியேறிக் குடியேறி நகரமாகிவிட்டது. இங்கிருந்து கிழக்கே சில கல் தொலைவிலுள்ள பல்லாவரம் மலையின் கருங்கல் 'சார்னோகைட்' எனப்படுவது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான கல் அது. நத்தைக்கும் சிப்பிக்கும் அதில் இடமே இல்லை.

ஆனால் மேற்கே திருப்பெரும்புதூர்ப் பக்கம் கதை வேறு. 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தாரே இராபர்ட் புரூஸ் ஃபூட், அவரே இப்பகுதியின் நிலப் படிவுகளையும் ஆராய்ந்து எழுதியவர். வெளிறிய களிப்பாறை ஏடுகளுக்கிடையே இலைகளின் பதிவுகளும், அவற்றோடு சில கடலுயிர்களின் ஓடுகளும் அங்கே கிடைத்தன. 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இதுவரை வந்து எட்டிப் பார்த்திருக்கிறது என்பதற்கு அவை சாட்சி. இன்று கார்கள் உருவாகும் ஆலைகள் பல அந்தப் படிவுகள் கிடக்கும் வட்டாரத்தில்தான் நிற்கின்றன. எட்டிப் பார்த்த கடல் இங்கே அதிகம் விட்டுச் செல்லவில்லை. நின்று குடித்தனம் நடத்திய இடம் அரியலூர், பெரம்பலூர்ச் சீமை.

துணைக்கு என் தங்கை மகன் வந்தான். தாம்பரத்தில் இரயிலேறினோம். அரியலூர் என்றதும் என் வயதினருக்கு நினைவுக்கு வருவது 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து இரயில் விபத்துத்தான். மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நான் அதை நினைத்துக்கொண்டிருந்தபோது மருமகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரியலூரில் இறங்கி, ஓர் ஆட்டோக்காரரை நாள் முழுமைக்கும் அமர்த்திக்கொண்டோம். "கல்லு பார்க்க வந்தீங்களா பாய்? காலேஜ் பசங்கதான் வருவாங்க. உங்க வயசிலே யாரும் வந்ததில்லை" என்று வியந்தார். முதலில் கருடமங்கலம் நோக்கிச் சென்றோம். சோளமும் பருத்தியும் விளையும் கரிசற்காடு. வரப்போரத்தில் கிடந்த ஒரு பாறைத் துண்டின் அருகே மருமகன் குனிந்தான். "மாமா, இங்கே வந்து பாருங்கள்!" என்று அவன் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரரும் ஓடிவந்தார்.

கல் முழுவதும் நத்தைகள். சாம்பல் நிறப் பாறையில் வெள்ளை வெள்ளையாக ஓடுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. திருகாணி போல நீண்டவை, உருண்டு திரண்டவை, ஓரத்தில் விரல் விரித்தவை, இடையிடையே சிப்பிகள். இந்தக் கல்லுக்குத் 'திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்' என்றே வெள்ளையர் காலத்தில் பெயர். உண்மையில் இது சலவைக்கல் அன்று, ஓட்டுச் சுண்ணாம்புக்கல். மெருகேற்றினால் ஓடுகளின் குறுக்குவெட்டு பூவேலை போலப் பளிச்சிடுமாதலால் அலங்காரப் பொருட்கள் செய்யப் பயன்பட்டது. வயது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள்.

இந்த நத்தைகளை உலகுக்கு அறிவித்த கதையும் சுவையானது. 1840களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்களான கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் இவற்றைச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846இல் விவரித்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பிளான்ஃபோர்டு இந்தச் சீமை முழுவதையும் அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தார். அந்தப் பகுப்பு இன்றும் வழக்கிலுள்ளது.

இவர்களுக்குப் பின் வந்தவர்தான் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் 1838இல் பிறந்தவர். 1862இல் கல்கத்தாவுக்கு வேலைக்கு வருமுன்பே ஆல்ப்ஸ் மலைத் தொடரின் கோசாவ் பகுதி நத்தைப் படிவங்களை ஆராய்ந்தவர். ஆகவே தமிழ்நாட்டு நத்தைகளைக் கையிலெடுத்தபோது, ஐரோப்பிய நத்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கண் அவருக்கு ஏற்கனவே இருந்தது. 1867, 68ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நத்தைத் தொகுதியைத் தொடாமல் இன்றும் யாரும் இத்துறையில் ஓர் அடி நகர முடியாது. இமயத்துக்கு அப்பால் யார்க்கண்டு சென்று திரும்பும் வழியில், 1874 ஜூன் மாதம் லடாக்கில் இறந்தார். வயது 36. லேயில் அடக்கப்பட்டார். நம் பாடநூல்களில் அவர் பெயருக்கு ஒரு வரி இடமில்லை என்பது எனக்கு, ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில், வெட்கமாக இருக்கிறது.

மேட்டு நிலத்தில் கடலோடுகள் கிடப்பதைக் கண்டு, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று துணிந்து எழுதுவதற்கு ஐரோப்பியர் வரும்வரை உலகம் காத்திருக்கவில்லை. கி.பி. 11ஆம் நூற்றாண்டிலேயே அல்பிரூனி, அரபுப் பாலையில் கிணறு தோண்டும்போது சோழியும் சிப்பியும் பொதிந்த கற்கள் கிடைப்பதைச் சுட்டி, அந்நிலம் ஒரு காலத்தில் கடலாயிருந்தது என்று எழுதினார். கருடமங்கலத்து வரப்பில் அமர்ந்திருந்தபோது அவர் நினைவுதான் வந்தது.

கடல் நத்தைக் குலம் மிகத் தொன்மையானது. 50 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பாறைகளிலேயே அதன் முன்னோர் தென்படுகின்றனர். ஆனால் நம் அலமாரிச் சங்கு பிறந்த கிளை அவ்வளவு பழையதன்று. பழைய நத்தைகளில் மிகப் பல பாசியை மேய்ந்தும் சேற்றை அரித்தும் பிழைத்தவை. அரியலூர்க் கடல் அலையடித்த அதே யுகத்தில்தான் ஊனுண்ணும் நத்தைகளின் பெருங்குலம் ஒன்று தலையெடுத்துக் கிளைவிட்டது. சங்கும், கூம்புச் சங்கும், முட்சங்கும் அக்குலத்தவை. அடையாளம் எளிது. ஓட்டின் வாய் அடிப்பக்கத்தில் குழல் போல நீண்டிருக்கும். அதன் வழியே நீட்டும் குழாயால் நீரை இழுத்து, இரை எங்கே என்று மோப்பம் பிடிக்கும். கருடமங்கலத்துக் கல்லில் அத்தகைய குழல்வாய் ஓடுகள் சிலவற்றை நானே எண்ணினேன். வாப்பாவின் சங்குக்கு மிகத் தூரத்து உறவு!

அந்த யுகத்தில் கடலுக்குள் ஒரு போர் நடந்தது என்பார் கீரத் வெர்மே. நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த அறிஞர். மூன்று வயதில் பார்வையை இழந்தவர். ஓடுகளை விரலால் தடவித் தடவியே ஆராய்ந்தார். ஓட்டை நொறுக்கும் நண்டுகளும் மீன்களும் பெருகியதால், நத்தைகளும் தடித்த ஓடு, முள், விளிம்பு மடிப்பு, குறுகிய வாய் என்று கோட்டை கட்டிக்கொண்டன என்பது 1977இல் அவர் எழுதிய கருத்து. கண்ணுள்ளவர் அழகென்று கண்டு நகர்ந்த மேடு பள்ளங்களை, அவருடைய விரல்கள் காயமென்றும் கவசமென்றும் படித்திருக்கின்றன. நண்டின் இடுக்கி நுழைய முடியாதபடி வாயைக் கீறலாகக் குறுக்கிக்கொண்ட சோழியைப் பார்த்தால் இது விளங்கும். அந்தச் சோழியின் பழைய உறவினர் இந்தச் சீமையிலும் கிடைத்தனர். அவற்றுள் ஒன்றுக்குக் கேய் துரையின் பெயரையே ஃபோர்ப்ஸ் சூட்டினார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த நத்தைகள் எங்கெல்லாம் பரவியிருந்தன?

தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையில் போண்டோலாந்து என்றொரு பகுதி. அங்குள்ள பாறைகளிலும் நம் திருச்சிராப்பள்ளிச் சீமை உயிர்களின் நெருங்கிய உறவினர் கிடைக்கின்றனர். வியப்பில்லை. அக்காலத்தில் இந்தியா ஆசியாவோடு ஒட்டியிருக்கவில்லை. தென்கோளத்தில், மடகாஸ்கரை விட்டு அப்போதுதான் பிரிந்து, தனித் தீவாக வடக்கே நகரத் தொடங்கிய நிலம் அது. போண்டோலாந்து இன்றுபோல் அத்தனை தூரமில்லை. ஆனால் அமெரிக்கா? ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் பாண்டல் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வில், இந்த நத்தைகளை மெக்ஸிகோ வளைகுடாவை ஒட்டிய அமெரிக்கப் படிவுகளின் நத்தைகளோடு ஒப்பிட்டு அவற்றின் உறவை ஆராய்ந்தார். மெல்ல மெல்ல ஊரும் பிராணி இத்தனை கடலை எப்படித் தாண்டியது?

ஊர்ந்து தாண்டவில்லை, மிதந்து தாண்டியது. பல கடல் நத்தைகளின் குஞ்சு, முட்டையிலிருந்து வெளிவந்ததும் மயிரிழைகள் துடிக்கும் இரு சிறு மடல்களை விரித்து நீந்தும். வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில், நீரோட்டம் கொண்டுபோன திசையெல்லாம் போகும். பிறகே தரையிறங்கி நத்தையாகும். இதைவிட வியப்பு, அந்தப் பயணத்தின் குறிப்பு ஓட்டிலேயே எழுதப்பட்டிருப்பது. நத்தை தன் ஓட்டைக் கழற்றுவதில்லை, வளர வளரச் சுற்றைக் கூட்டிக்கொண்டே போகும். ஆகையால் குஞ்சாயிருந்தபோது அணிந்த ஓடு நுனியில் அப்படியே இருக்கும். நுனிச் சுற்றுகள் நுண்ணியவாய்ப் பலவாயிருந்தால் குஞ்சு நெடுநாள் மிதந்தது என்று பொருள். பருத்த ஒன்றிரண்டு சுற்றானால் பிறந்த இடத்திலேயே ஊரத் தொடங்கியது என்று பொருள். கோடி ஆண்டுகளுக்கு முன் இறந்த நத்தையின் குழந்தைப் பருவத்தைப் பூதக்கண்ணாடியால் படித்துவிடலாம். நுனி உடையாமல் கிடைக்க வேண்டும், அதுதான் சிரமம். நாங்கள் பார்த்தவற்றில் முக்காலும் மூக்குடைந்தவை.

இன்றைய கடலிலும் இதே கணக்குத்தான். நாணயச் சோழியின் குஞ்சு மிதக்கும் இனம். ஆப்பிரிக்கக் கீழ்க்கரையிலிருந்து ஹவாய்த் தீவுகள் வரை அது பரவியிருக்கிறது. மனிதன் அதை இன்னும் தூரம் கொண்டுபோனான். மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதா, அங்கே 4 லட்சம் சோழிக்கு ஒரு பொற்காசு வீதம் மாறியதையும், பின்னாளில் மேற்கு ஆப்பிரிக்காவில் அதே காசுக்கு 1,150 சோழியே கிடைத்ததையும் எழுதிவைத்தார். ஆனால் சங்கு? சங்கின் முட்டைக்கூடு கொம்பு போல முறுக்கிய ஒரு நீண்ட அடுக்கு. எங்கள் ஊர்ப்பக்கம் அதனைச் 'சங்குப்பூ' என்பர். குஞ்சு அதற்குள்ளேயே வளர்ந்து, குட்டிச் சங்காகவே வெளிவந்து ஊரும். நீந்தும் பருவமே கிடையாது. ஆகவேதான் இந்திய, இலங்கைக் கரைகளை விட்டு அது அதிகம் நகரவில்லை. வங்காளப் பெண்களின் சங்கு வளையலுக்கு நம் மன்னார் வளைகுடாவை எதிர்பார்க்க வேண்டியிருந்ததும், எங்கள் ஊர்ச் சங்கு கல்கத்தாவுக்குக் கப்பலேறியதும் இதனால்தான். ஒரு குஞ்சின் சுபாவம் ஓர் ஊரின் பிழைப்பையே தீர்மானித்திருக்கிறது. வாப்பா இதையெல்லாம் அறியார்கள். "சங்கு பிறந்த தரையை விட்டுப் போகாது" என்று மட்டும் சொல்வார்கள்.

ளுஹரைத் தொழுதுவிட்டுக் கல்லங்குறிச்சிப் பக்கம் போனோம். இங்குள்ள சுண்ணாம்புக்கல் கருடமங்கலத்தினும் இளையது, 7 கோடி ஆண்டு. நத்தையைவிடத் தடித்த சிப்பிகளே மிகுதி. சிமெண்டுக்குத் தோதான கல் இதுவே. சாலையோர மேட்டில் நின்று எட்டிப் பார்த்தால், ஊரையே இறக்கிவைக்கலாம் போன்ற பள்ளம். அடியில் லாரிகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. வெட்டி முடித்த மறுபக்கத்தில் பச்சை நிறத்தில் நீர் தேங்கியிருந்தது. இக்கல்லைப் பொடித்துக் களிமண்ணோடு சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் உருளைச் சூளையிலிட்டால் சிமெண்டின் கரு கிடைக்கும். ஓட்டில் அடைபட்டிருந்த கரியமிலவாயு புகைபோக்கி வழியே வானேறும்.

"எத்தனை சிப்பி இதிலே அரைபடும்?" என்று மருமகன் கேட்டான். ஆட்டோக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "எங்க அண்ணன் இங்கேதான் லாரி ஓட்டுறாரு தம்பி. அரைபடாட்டி எங்க வீட்டிலே உலை கொதிக்காது" என்றார். நான் குறுக்கே பேசவில்லை. குன்றத்தூரில் என் காவலில் அடுக்கிவைத்திருக்கும் மூட்டைகள் என் நாவைக் கட்டிவிட்டன. இன்னொன்றும் உண்டு. வெட்டியதால்தான் புதைந்திருந்த அடுக்குகள் பல ஆய்வாளர் கண்ணில் பட்டன. ஆனால் பார்த்து, எண்ணி, எழுதி வைப்பவர் லாரியைவிட விரைவாக வர வேண்டுமே! சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் பெருமரத்துக்கு வேலி போட்டுக் காக்கிறார்கள். 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த மரம் அது, 18 மீட்டர் நீளம். மரத்துக்குக் கிடைத்த மரியாதை கருடமங்கலத்து நத்தைக்கும் கிடைக்கலாகாதா? கருடமங்கலத்துப் பாறை அத்தனை பரப்பில் இல்லை.

அரியலூர்ப் பாறைகளின் உச்சியில், நின்னியூர் வட்டாரத்தில், இன்னோர் அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகை உலுக்கிய பேரழிவில், சக்கரம் போல் சுருண்ட அம்மோனைட்டுகள் ஒன்றுவிடாமல் மறைந்தன. நின்னியூர்ப் படிவு அதற்குப் பிற்பட்டது. கடலை ஆண்ட அம்மோனைட் இல்லை, ஆனால் நத்தை இருக்கிறது! சேற்றில் புதைந்து, நீரில் மிதந்துவரும் துகளைத் தின்று, யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்த திருகாணி நத்தையின் வம்சம் இன்றும் நம் கடலில் உண்டு.

வாரணவாசியில் அரசு அமைத்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்ல வேண்டிய இடம். அரியலூருக்குக் கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

பேத்தி கேட்டிருந்தது ஒரே ஒரு கல். மருமகன் உடைந்த துண்டொன்றைப் பையில் போட எடுத்தான். நான்தான் கிடந்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். எடுத்த இடம் தெரியாத புதைபடிவம், தேதியில்லாத கடிதம். பதிலாக, பாறைமேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். திருகாணி நத்தை ஒன்று சுற்றுச் சுற்றாகத் தாளில் எழும்பியது.

அவளுக்கு முதலில் ஏமாற்றந்தான். சற்று நேரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என்ன தோன்றிற்றோ, அலமாரிச் சங்கை எடுத்துவந்து தாளுக்குப் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டினாள். "இதுவும் அதுவும் ஒரே பக்கமாத்தான் சுத்துது அப்பா" என்றாள். ஆயிரத்தில், லட்சத்தில் ஒன்றுதான் மறுபக்கம் சுற்றும், அதைத்தான் வலம்புரி என்று பொன் விலைக்கு வாங்குகிறார்கள் என்று நான் விளக்கத் தொடங்குமுன் மாடிக்கு ஓடிவிட்டாள்.

மேலே மேஸ்திரியின் சத்தம் கேட்டது. அப்போதுதான் பூசிய ஈரச் சுவரில், கைக்கெட்டிய உயரத்தில், சங்கை வைத்து அழுத்தியிருக்கிறாள். நுனி முதல் வாய் வரை அச்சு விழுந்திருந்தது. கரண்டியால் இழுத்துவிடப் போனவரை, "இருக்கட்டும் மேஸ்திரி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்.

இரவு வேலை முடிந்து வந்த மகன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சுவரில் ஏன் பள்ளம் விழுந்திருக்கிறது என்று கேட்டான்.